மாடிப் பேருந்தின் படிக்கட்டும் 150 நிமிடங்களும்

இதயம் நன்றாக இருக்க வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறார்கள். காலையில் பூங்காவைச் சுற்றி வருகிறவர்களில் பலருக்கு இது மனப்பாடம். ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இதயத்தை அளந்து கண்டுபிடித்த எல்லைக்கோடு இது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இந்த எண் உருவான வழியைப் பின்தொடர்ந்தால் வேறு கதை கிடைக்கிறது.

அது 1953இல், லண்டன் மாடிப் பேருந்துகளில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்ரி மோரிஸும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்த 35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண்களின் நோய்க் கணக்கை அந்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். ஓட்டுநர் பணி நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பவர். நடத்துனரோ சீட்டுக் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் நாளெல்லாம் ஏறி இறங்குபவர். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே சமூக நிலை. ஆனாலும் இதயத் தமனி நோய் நடத்துனர்களுக்குக் குறைவாகவே வந்தது; வந்தபோதும் உயிரைப் பறிப்பது குறைவாக இருந்தது. சைக்கிளிலும் நடையிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களை மேசை வேலைக்காரர்களோடு ஒப்பிட்டபோதும் இதே போக்குத்தான்.

என் பார்வையில் மோரிஸின் உண்மையான பெருமை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. உடலுழைப்பு நடத்துனரைக் காத்ததா, அல்லது முதலிலேயே ஒல்லியாக, திடமாக இருந்தவர்தான் நடத்துனர் வேலைக்குப் போனாரா? தன் முடிவையே சந்தேகித்த அவர், நிறுவனம் சீருடை தைத்துக் கொடுப்பதற்காக வைத்திருந்த அளவுக் குறிப்புகளைத் தேடிப் போனார். கால்சட்டையின் இடுப்பளவு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது: இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பு பெரிது. தையல்காரரின் நாடா மருத்துவ ஆய்வின் கருவியான அந்தக் கட்டுரை 1956இல் வந்தது. பருமனைக் கணக்கில் கொண்டு பின்னர் பார்த்தபோதும் நடத்துனரின் அனுகூலம் முற்றிலும் மறையவில்லை. என்றாலும் ‘ஆரோக்கியமானவர்தான் அதிகம் நடமாடுகிறாரோ’ என்ற ஐயம் இத்துறையை இன்றுவரை விடவில்லை.

நாற்காலி வேலை பெருகப் பெருக, மோரிஸின் கவனம் ஓய்வு நேரத்தின் பக்கம் திரும்பியது. 40 முதல் 64 வயதுள்ள 16,882 அரசு அலுவலர்கள், முந்தைய வெள்ளி, சனி இரண்டு நாளும் என்ன செய்தார்கள் என்பதைத் திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுத்தனர். 1973இல் வந்த முடிவு கறாரானது. மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாக உழைத்தவர்களின் மாரடைப்பு ஆபத்து மற்றவர்களுடையதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மெதுவான உலாவலுக்கு அந்தப் பலன் தென்படவில்லை.

அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கர் கணக்கை வேறு விதமாகப் போட்டார். ஹார்வர்டில் படித்து வெளியேறிய 16,936 ஆண்களைத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், வேகத்தைவிட வாரம் முழுவதும் செலவான மொத்த ஆற்றலைப் பார்த்தார். வாரத்துக்கு 2,000 கலோரிக்குக் குறைவாகச் செலவழித்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 64 விழுக்காடு கூடுதல் என்று 1978இல் எழுதினார். வேகமா, மொத்தமா என்ற இந்த வழக்கு தீராமலே பரிந்துரைகள் வரத் தொடங்கின.

அதே 1978இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு வாரம் 3 முதல் 5 நாள், ஒவ்வொரு நாளும் 15 முதல் 60 நிமிடம், நன்றாக வியர்க்கும் பயிற்சி என்றது. அது உடற்திறனைக் கூட்டுவதற்கான அளவு. நோய்த் தடுப்புக்காக வகுத்ததல்ல. 1989இல் வெளியான ஆய்வில் ஸ்டீவன் பிளேர், டல்லாஸில் ஓடுபொறியில் சோதிக்கப்பட்ட 13,344 பேரைத் திறன்வாரியாக ஐந்து பிரிவாக்கினார். கடைசிப் பிரிவிலிருந்து அதற்கு மேல் பிரிவுக்கு வரும்போதுதான் இறப்பு மிக அதிகமாகச் சரிந்தது. அதன்பின் பரிந்துரைகளின் குரல் தணிந்தது. 1995இல் ‘பெரும்பாலான நாட்களில் 30 நிமிடம்’ என்றார்கள். 2007இல் ‘பெரும்பாலான’ என்பது ஐந்து நாளானது. ஐந்தை முப்பதால் பெருக்கினால் 150. அமெரிக்க அரசின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டியில் அது வாராந்திர மொத்தமாக அச்சேறியது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்டது. 2020இல் அதையே 150 முதல் 300 என விரித்து, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் கைவிட்டது.

ஆக, 150 தேர்ச்சி மதிப்பெண் போன்றதல்ல. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த 2011ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்றில், வாரம் 150 நிமிடம் செய்தவர்களுக்கு இதயத் தமனி நோய் ஆபத்து 14 விழுக்காடு குறைந்தது; 300 நிமிடத்துக்கு 20 விழுக்காடு. உழைப்பு இரட்டித்தாலும் பலன் இரட்டிக்கவில்லை. நாளுக்குக் கால் மணி நேரம் மட்டும் செய்தவர்களிடமே மொத்த இறப்பு 14 விழுக்காடு குறைந்ததாக அதே ஆண்டு தைவானில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு சொன்னது. எதுவுமே செய்யாதவர் கொஞ்சம் எழுந்து நடமாடுவதில்தான் லாபம் கொழுக்கிறது.

வரலாறு இங்கே படிக்கட்டுக்கே திரும்புகிறது. வேலையில் செய்யும் உழைப்பும் கணக்கில் சேருமா? இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் 1,30,000 பேரிடம் நடந்த ‘ப்யூர்’ ஆய்வு, வேலை, வீட்டுப்பணி, போக்குவரத்துக்கான நடை ஆகியவற்றுக்கும் பலன் உண்டு என்று 2017இல் சொன்னது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வோ நேர்மாறு: ஓய்வு நேர உழைப்பு இதயத்தைக் காத்தது, வேலையிடக் கடும் உழைப்பு ஆபத்தோடு சேர்ந்து வந்தது. இடையில் ஓய்வில்லாமல் மணிக்கணக்கில் பளு தூக்குவதும் விரும்பிய நேரத்தில் ஓடுவதும் இதயத்துக்கு ஒன்றல்ல என்பது ஒரு விளக்கம். நம் ஊரில் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கும், மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் இவற்றில் எந்த முடிவு பொருந்தும்? லண்டன் நடத்துனருக்குச் செய்ததைப் போல, அவர்களின் வேலையை நுணுக்கமாக அளந்து நம் மருத்துவக் கல்லூரிகள் ஆராய வேண்டும்.