கறுப்புப் பொட்டு

தொலைக்காட்சிப் பெட்டியில் விளையாடலாம் என்ற எண்ணத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஓர் அகதி. ரால்ஃப் பேர் 1922 இல் ஜேர்மனியின் தென்மேற்கே ரோடால்பன் என்ற சிற்றூரில் பிறந்தார். யூதர் என்பதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் எரிக்கப்பட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்னரே அவருடைய குடும்பம் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றுவிட்டது. நியூயோர்க்கில் தொழிற்சாலை வேலை செய்துகொண்டே, தபால்வழிப் பாடத்தில் வானொலி திருத்தப் படித்தார். எங்களில் பலருக்கு இந்த வாழ்க்கைக் குறிப்பை விளக்கத் தேவையில்லை.

1966 செப்டெம்பரில் அவர் நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் பெட்டியை, பார்ப்பவர் தானே இயக்கும் பெட்டியாக மாற்றுவது எப்படி என்பதுதான் அதன் சாரம். அதிலிருந்து பிறந்த மக்னவொக்ஸ் ஒடிசி 1972 இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி இல்லை. புள்ளிக்கணக்கை இயந்திரம் வைத்திருக்காது. ஆடுபவரே தாளில் குறிக்கவேண்டும். திரையில் தெரிவது சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும். டென்னிஸ் மைதானமோ பேய்வீடோ வேண்டுமென்றால் அந்தப் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டவேண்டும். பெட்டிக்குள் தாயக்கட்டைகளும் விளையாட்டுக் காசும் இருந்தன. பலகை விளையாட்டு ஒன்று தொலைக்காட்சிக்குள் பாதி நுழைந்து நின்ற நிலை அது.

பேர் பிறந்த நாட்டில், ரூர் பகுதி நகரமொன்றில், பன்னிரண்டு ஆண்டுகளாக நான் பழைய விளையாட்டுப் பொறிகளைச் சேர்க்கிறேன். சேர்ப்பது என்றால் கண்ணாடி அலுமாரியில் அடுக்குவது அல்ல. என்னிடம் இருக்கும் ஒவ்வொன்றும் ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் அதில் ஆடவேண்டும். இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல எனக்கு ஒரு வரலாற்றுப் பாடமாகியது. அதில் எங்கள் ஊர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் மிக வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது.

சேகரிப்பு என்பதைச் சாத்தியமாக்கியவர் ஜெரி லோசன். கலிஃபோர்னியாவில் ஃபெயார்சைல்ட் நிறுவனத்தில் வேலைசெய்த கறுப்பினப் பொறியியலாளர். அவர் தலைமையில் உருவான சானல் எஃப் 1976 இல் வெளிவந்தது. ஒடிசியிலும் செருகும் அட்டைகள் இருந்தன. ஆனால் அவை பொறிக்குள் ஏற்கெனவே இருந்த சுற்றுகளை இணைத்துவிடும் கம்பிப் பாலங்கள் மட்டுமே. லோசனின் குழு விளையாட்டின் நிரலையே ஒரு நினைவகச் சில்லில் பதித்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, பிள்ளைகள் ஆயிரம் தடவை செருகி இழுத்தாலும் தாங்கும்படி செய்தது. அன்று முதல் பொறி வேறு, விளையாட்டு வேறு. ஒன்றை வாங்கிப் பலவற்றை மாற்றிப் போடலாம். நண்பனிடம் இரவல் வாங்கலாம். எங்கள் ஊரில் அதற்கு 'கசெட்' என்று பெயர். உள்ளே நாடா எதுவும் கிடையாது என்பது யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த அட்டாரி 2600 பொறியின் கசெட்டுகளில் நான் அடிக்கடி செருகுவது ரிவர் ரெய்ட். கரோல் ஷோ எழுதிய அந்த விளையாட்டு 1982 இல் வெளியானது. ஓர் ஆற்றின் மேலாக விமானத்தில் பறந்து, கப்பல்களையும் பாலங்களையும் தகர்த்து, எரிபொருள் தீருமுன் நிரப்பிக்கொண்டே போகவேண்டும். முழு விளையாட்டும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கம். அவ்வளவு நீண்ட ஆற்றை அதற்குள் வரைந்து வைக்க இடமில்லை. ஆகவே ஷோ ஆற்றை வரையாமல், ஆற்றை உண்டாக்கும் கணக்கை எழுதிவைத்தார். ஒவ்வொரு தடவையும் பொறி அதே கணக்கைப் போட்டு, அதே வளைவுகளையும் அதே தீவுகளையும் புதிதாக உண்டாக்குகிறது.

ஜேர்மனியில் அதற்கு இன்னொரு சரித்திரம் உண்டு. இளையோருக்குத் தீங்கானவை என்று கருதப்படும் வெளியீடுகளைப் பட்டியலிட மேற்கு ஜேர்மனியில் 1954 முதல் ஓர் அரசு அமைப்பு இருந்தது. அந்தப் பட்டியலில் ஏறிய பொருளை விளம்பரம் செய்ய முடியாது. கடையில் வெளிப்படையாக வைக்க முடியாது. சிறுவர்களுக்கு விற்க முடியாது. 1984 இல் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் காணொளி விளையாட்டுகளில் ரிவர் ரெய்டும் ஒன்று. 2002 இல்தான் அது நீக்கப்பட்டது. இன்று திரையில் அந்தச் சிறு சதுர விமானத்தைப் பார்க்கும் என் மகளுக்கு இதை நம்ப முடியவில்லை. போரைப் பிள்ளைகளிடமிருந்து தூர வைக்க நினைத்த ஒரு நாட்டின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அந்த நாட்டுக்கு அதற்கான காரணம் இருந்தது.

1983 இல் அமெரிக்காவில் இந்த வியாபாரம் சரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் யப்பானில் நின்டெண்டோ, மசயுகி உஎமுரா வடிவமைத்த ஃபமிக்கொம் பொறியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. வேறு கூட்டில், என்.ஈ.எஸ் என்ற பெயரில், 1985 இல் அமெரிக்காவுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் அது போனது. இங்கேதான் நான் முன்னர் அறியாத ஒரு வேறுபாடு புலப்பட்டது.

அமெரிக்க, யப்பானியத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 60 தடவை திரையைத் துடைத்து வரைந்தன. ஐரோப்பியப் பெட்டிகள் 50 தடவை. ஹனோவரில் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய பால் என்ற வண்ண முறை மேற்கு ஜேர்மனியில் 1967 இல் ஒளிபரப்புக்கு வந்தது. இலங்கையும் இந்தியாவும் பின்னர் அந்த முறையையே எடுத்துக்கொண்டன. பழைய விளையாட்டுகள் நேரத்தைத் திரையின் துடிப்பை வைத்தே எண்ணின. 60 துடிப்புக்கு எழுதியதை மாற்றாமல் 50 துடிப்பில் ஓடவிட்டால் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். சில விளையாட்டுகளை நிறுவனங்கள் திருத்தி அனுப்பின; பலவற்றை அப்படியே அனுப்பின. 1991 இல் வந்த சோனிக் வேகத்துக்கென்றே பெயர்போன விளையாட்டு. அதன் ஐரோப்பிய வடிவில் முள்ளெலியும் மெதுவாக ஓடுகிறது, இசையும் மெதுவாக வருகிறது. இரண்டு நாட்டுப் பொறிகளையும் பக்கத்தில் வைத்து ஓடவிட்டபோது மகள் கேட்டாள்:

"அப்பா, எங்கட மெஷின் ஏன் நித்திரை தூங்கிற மாதிரிப் போகுது?"

ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே அந்த வேகத்தைத்தான் சரியான வேகம் என்று நினைத்து வளர்ந்தது.

வேகத்தைவிடப் பெரிய மாற்றம் கொன்ட்ராவில் நடந்தது. கொனாமி நிறுவனத்தின் அந்த விளையாட்டில் மேலாடை இல்லாத இரண்டு வீரர்கள் காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நானும் அண்ணாவும் ஆடியது அதுதான். 1990 இல் அதே விளையாட்டு ஐரோப்பாவில் புரோபொடெக்டர் என்ற பெயரில் வெளியானது. வீரர்கள் இருந்த இடத்தில் இரண்டு ரோபோக்கள். எதிரிகளும் ரோபோக்கள். காடு அதே காடு, குண்டு அதே குண்டு; ஆனால் சாவதற்கு மனிதர்கள் இல்லை. ஜேர்மனியின் பட்டியலுக்குப் பயந்தே இப்படிச் செய்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மனிதர்கள் உள்ள வடிவத்தைக் கொழும்பில் ஆடினேன். வெளியே சோதனைச் சாவடியில் உண்மையான துவக்குகள் நின்றன. அமைதியான நாட்டுப் பிள்ளைகளுக்கு ரோபோக்களைக் கொடுத்த அதே காலத்தில், எங்களுக்கு யாரும் எதையும் தணிக்கை செய்யவில்லை. எங்கள் கைக்கு வந்தது யாருக்கும் கணக்குக் காட்டாத பொருள்.

பெரியம்மா வீட்டில் இருந்தது நின்டெண்டோ செய்த பொறி அல்ல. ஃபமிக்கொம்மைப் பார்த்து ஆசியத் தொழிற்சாலைகளில் நகலெடுத்த, பெயர் ஆளுக்கொன்றாக மாறும் மலிவுப் பெட்டி. சென்னையிலும் கொழும்பிலும் 'ரீவி கேம்' என்று கேட்டால் கிடைத்தது அதுதான். கசெட்டின் மேல் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுகளே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். யாழ்ப்பாணத்தில் அதுவும் இல்லை. 1990 முதல் சில ஆண்டுகள் அங்கு மின்சாரமே கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலியில் பாட்டுக் கேட்டார்கள். ஆகவே ஒரே வயதுத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொன்ட்ராவின் முதற்கட்டம் மனப்பாடம். இன்னொருவர் அந்தப் பெயரையே கேள்விப்படவில்லை. எங்களிடையே விளையாட்டின் வரலாறும் இடம்பெயர்வின் வரைபடத்தைப் பின்பற்றியே போகிறது.

இந்தப் பொறிகளை இன்று ஓட வைப்பது சுலபமில்லை. மின்தேக்கிகள் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும்; பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடு மஞ்சளாகும். ஒளித்துப்பாக்கி புதிய தட்டைத் திரையில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அதைக் காண்கிறதா என்பதே சூத்திரம். தட்டைத் திரை படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் அந்தக் கண் இருட்டையே காணும். ஆகவே வீட்டில் இருபத்தைந்து கிலோ எடையுள்ள பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்றையும் காப்பாற்றவேண்டியிருக்கிறது. மனைவிக்கு அதுபற்றித் தனிக் கருத்து உண்டு.

செல்டா போன்ற கசெட்டுகளுக்குள் ஒரு பொத்தான் மின்கலம் இருக்கிறது. விளையாட்டு நிரந்தரச் சில்லில் இருக்கும். ஆடியவர் எதுவரை போனார் என்பதை அந்த மின்கலம்தான் நினைவில் வைத்திருக்கும். அது தீர்ந்தால் விளையாட்டு இருக்கும், ஆடியவர் போய்விடுவார். பழம்பொருள் சந்தையில் வாங்கும் கசெட்டில் சில சமயம் இன்னும் ஒரு பெயர் தெரியும், எட்டு எழுத்துக்குள் ஏதோ ஒரு ஜேர்மன் பிள்ளை. மின்கலத்தை மாற்றுமுன் அந்தப் பதிவைக் கணினிக்கு நகலெடுத்து, மாற்றியபின் திரும்ப எழுதிவிடுவேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதிருக்கலாம்.

இதற்கு நேரெதிரான சேகரிப்பும் உண்டு. 2021 ஜூலையில் சூப்பர் மாரியோ 64 இன் பிரிக்கப்படாத பிரதி ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அதைப் பிரித்து ஆடினால் அந்த விலை போய்விடும். வாசிக்காத வீணைக்குக் கூடுதல் விலை என்பது போன்றது இது. மறுபுறம், அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் எந்த வடிவிலும் கிடைப்பதில்லை என்று காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 இல் ஆராய்ந்து சொன்னது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்கலாமா என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்தது.

பேர்லினில் கார்ல் மார்க்ஸ் அலேயில் கணினி விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கிழக்கு ஜேர்மனி 1980களில் செய்த பொலி பிளே என்ற நாணயப் பொறி நிற்கிறது. அதைச் செய்த அரசே இன்று இல்லை. ஆனால் பொறியில் ஆடலாம். ஓநாய் முயலைத் துரத்தும் அந்த விளையாட்டில் நானும் மகளும் நெடுநேரம் நின்றோம். ஒரு நாடு போனபின்னும் அதன் பிள்ளைகள் விளையாடியதை வைத்திருக்க ஆட்களும் இடமும் இருந்தால் முடியும் என்று அங்கே பார்த்தேன்.

எங்கள் நகல் பெட்டிகளுக்கு அந்த ஆட்கள் இல்லை. நின்டெண்டோ தன் பொறி உலகில் 6 கோடியே 19 இலட்சம் விற்றதாகக் கணக்குச் சொல்கிறது. பெரியம்மா வீட்டுப் பெட்டி அந்தக் கணக்கில் இல்லை. அது களவுப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அந்த விளையாட்டுகள் வந்த வழி அது ஒன்றே. அசல் பொறியைத் திறந்தால் இலக்கமிட்ட சில்லுகள் தெரியும். பழுதானதைக் கழற்றி மாற்றலாம். நகலைத் திறந்தால் பச்சைப் பலகையின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. செலவைக் குறைக்கச் சில்லை உறையில்லாமல் நேரே பலகையில் ஒட்டி, மேலே பிசினை ஊற்றியிருப்பார்கள். பெயர் இல்லை, இலக்கம் இல்லை, திருத்தவும் வழியில்லை. பொட்டுக்குக் கீழே ஒரு நூல்கம்பி அறுந்தால் கதை முடிந்தது. சந்தையில் விலையில்லாததால் யாரும் பரணில்கூட வைப்பதில்லை.

போன ஆண்டு அண்ணா கொழும்பிலிருந்து ஒரு பொதி அனுப்பினார். வீடு விற்கும்போது படிக்கட்டின் கீழ் கிடைத்ததாம். பொறியின் கறுப்புப் பொட்டு செத்துவிட்டது. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கசெட்டை மட்டும் இணைப்பி ஒன்றில் மாட்டி என் பொறியில் செருகினேன். பட்டியல் வந்தது. கொன்ட்ரா ஏழாவது இடத்திலும் நாற்பத்தொன்றாவது இடத்திலும் இருந்தது. மகள் இரண்டாவது கட்டையை எடுத்தாள்.

"இதில ஆக்கள் நிக்கினம், ரோபோ இல்லை" என்றாள்.

அதன் உள்ளடக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். எந்தக் கடை, எந்த ஆண்டு, என்ன விலை, அண்ணா அதை என்ன பெயரால் அழைத்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு சேர்த்து வைத்தேன். உங்கள் வீட்டிலோ அம்மா வீட்டிலோ அப்படியொன்று கிடந்தால், எறியுமுன் அந்த நான்கு வரிகளை எழுதிவையுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை.