சட்டாம்பிள்ளைக்குச் சேர வேண்டிய பாதி

பொதட்டூர்பேட்டையில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை நான். இப்போது கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தர மூத்த மாணவர்களைப் பழக்குவதும் என் வேலை. இம்முறையை 1973-இல் அமெரிக்காவின் மிசௌரி–கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகம் தொடங்கியது என்று யாராவது பயிலரங்கில் சொன்னால் சிரிப்பு வரும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை வேறென்ன செய்தான்?

1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார்; பையன் சாதித்துக் காட்டினான். 1797-இல் பெல் இதை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ கடல் கடந்து பரவியது.

1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், மூத்தவன் சொல்லிக்கொடுக்கும்போதே தன் படிப்பையும் உறுதியாக்கிக்கொள்கிறான் என்று மெச்சினார். நன்னூல் அந்தக் கணக்கை அதற்குப் பல நூற்றாண்டு முன்பே போட்டுவிட்டது: ஆசிரியரிடம் கால், உடன் பயில்வோரிடம் கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை.

சீமையில் அந்த அரையை விட்டுவிட்டார்கள். ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு மிச்சம் என்பதே பெரிதாயிற்று. சட்டாம்பிள்ளை ஒப்பிக்கவைக்கும் ஆளாகச் சுருங்கினான். 1846-இல் உதவித்தொகையோடு பல ஆண்டுகள் பழக்கும் மாணவ ஆசிரியர் முறை வந்ததும் பழையது மெல்ல ஒதுங்கியது. நம்மூர்ச் சட்டாம்பிள்ளையும் உத்தமனல்ல. பிரம்பு கைக்கு வந்தால் வாத்தியாரை மிஞ்சுவான்.

என் பிள்ளைகளுக்கு இரண்டே விதி. இளையவர் கையிலிருக்கும் பேனாவை வாங்காதே. எங்கே தடுமாறினாய் என்று வாரந்தோறும் என்னிடம் வந்து சொல்.

திட்டவிலக்கம் நடத்திய மாணவியிடம் முதலாண்டுப் பையன் கேட்டான்: “ஏன்க்கா வர்க்கப்படுத்தணும்? மைனஸ் குறியை எடுத்துட்டாப் போதாதா?” தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்தாள். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு, எதில் என்ன லாபம் என்று அவளே கண்டுபிடிக்க ஒரு மாலை ஆயிற்று. மறுநாள் அவனுக்கு விளக்கியபோதுதான் அந்தப் பாடம் அவளுக்குச் சொந்தமானது.

இத்தகைய மாலைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்டால், “ஆசிரியர் பற்றாக்குறைக்கு இது நல்ல மாற்று சார்” என்கிறார்கள். சீமைக்காரன் கெட்டது அந்த நினைப்பில்தான்.