வான்குடையும் புனே நகரமும்

வானத்திலிருந்து கீழே விழுவதற்கும் ஒரு வித்தை வேண்டுமா என்று சிலர் வினவுவதுண்டு. விழுவதற்கு வேண்டியதில்லைதான்; விழுந்த பின் எழுந்து நடப்பதற்கே வேண்டியிருக்கிறது. அவ்வித்தை காட்சியாகத் தோன்றிப் போர்த்தொழிலாக வளர்ந்து, நெடுங்காலம் கழித்தே பொழுதுபோக்காயிற்று. நேயர்களில் பலர் வாழும் புனே நகருக்கும், நம் தமிழர் ஒருவருக்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பாராசூட் என்னும் பிரெஞ்சுச் சொல் விழுதலைத் தடுப்பது என்றே பொருள்படும்; அதில் குடை என்ற கருத்து இல்லை. நம் நாட்டு மொழிகளோ குடையைத்தான் கண்டன. தமிழில் வான்குடை என்கிறோம். மராத்தியர் ஹவாயி சத்ரி என்பர். அதைக் கட்டிக் குதிக்கும் படைவீரனை இந்தியில் சாத்தாதாரி, அதாவது குடை தாங்கியவன், என்று அழைப்பர். பிரெஞ்சுக்காரரான கார்னெரின் 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் பலூனிலிருந்து இறங்கியபோது அவருடைய பட்டுத்துணி மடக்கிய குடையின் வடிவிலேயே மேலே சென்றதாம். எனவே நம் மொழிகள் பிழை செய்துவிடவில்லை. அத்துணியின் உச்சியில் துவாரம் இல்லாமையால், உள்ளே சிக்கிய காற்று ஓரங்களின் வழியே பீறிட்டு வெளியேற, அவர் இருந்த கூடை ஊஞ்சலைப் போல் ஆடித் தீர்த்தது. உச்சியில் துளை வைக்கும் வழக்கம் அதன் பின்னரே வந்தது.

இந்தியாவுக்கு இவ்வித்தை கட்டணக் காட்சியாகவே வந்து சேர்ந்தது. 1889-ஆம் ஆண்டில் பெர்சிவல் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலேயர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பலூனில் ஏறி வான்குடையால் இறங்கிக் காட்டினார். வேடிக்கை பார்த்தவர்களுள் உடற்பயிற்சி வித்தைகளில் தேர்ந்த ராம்சந்திர சட்டர்ஜி என்னும் வங்காளியும் ஒருவர். ஏனையோர் கைதட்டிவிட்டு வீடு திரும்பினர். இவரோ ஸ்பென்சரிடமே அக்கலையைக் கற்றார். அவ்வாண்டிலேயே தனியாகப் பலூனில் பறந்தார்; 1890-இல் கல்கத்தாவில் வான்குடையால் இறங்கினார். இந்தியருள் இதைச் செய்த முதல்வர் அவரே என்பர். விமானம் என்பதே உலகில் தோன்றாத காலம் அது.

விமானம் தோன்றிய பின்னும், ஒருவன் தடையின்றி விழுந்துகொண்டே இருந்து, தன் கையாலேயே குடையைத் திறக்க முடியும் என்பதை அறிஞர் பலர் நம்பவில்லை. வேகத்தில் அறிவு மயங்கிக் கை அசையாது போகும் என்று கருதினர். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்திலிருந்து குதித்து, விழும்போதே கயிற்றை இழுத்துக் குடையை விரித்து அவ்வையத்தை நீக்கினார். தரையில் இறங்குகையில் அவருடைய கணுக்கால் முறிந்தது வேறு செய்தி. இன்று ஸ்கைடைவிங் எனப்படும் விளையாட்டுக்கு அந்நாளே வித்து எனலாம்.

ஆயினும் நம் நாட்டில் அடுத்த பாடம் போரினால் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ஆம் ஆண்டில், 50-ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடு அமைக்கப்பெற்றது. தில்லியில் அன்று வில்லிங்டன் என்றும் இன்று சப்தர்ஜங் என்றும் பெயர் வழங்கும் விமானத் தளத்தில் பயிற்சி தொடங்கிற்று. நேயர்களுள் புனேவாசிகள் நன்கறிந்த கட்கி, அக்காலத்துக் கிர்க்கீ, பம்பாய் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அன்றோ? அப்படையினின்று 411-ஆவது பாராசூட் பிரிவு இந்தப் பிரிகேடுக்கு அளிக்கப்பட்டது. பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் கற்றவர்கள் வானிலிருந்து குதிக்கவும் கற்றனர். 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மணிப்பூர் மலைகளில் உள்ள சாங்ஷக்கில் ஜப்பானியரை இந்தப் பிரிகேடு எதிர்த்து நின்றபோது குடைக்கு வேலை இருக்கவில்லை. தரையில் பதுங்குகுழி வெட்டி, காலாட்படையாகவே போரிட்டனர்.

இந்தியப் படையில் முதன்முதலாக வான்குடை கட்டிக் குதித்த இந்தியர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152-ஆவது பாராசூட் பட்டாளத்தின் மருத்துவ அதிகாரி ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரே அவருடைய ஊரைச் சொல்லும். நோயாளியின் நாடியைப் பிடிக்க வேண்டியவர் விமானத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஏன் என்று கேட்கலாம். வீரர் இறங்கும் இடத்தில்தான் காயமும் நேரும். ஆகவே மருத்துவரும் அங்கேயே இறங்கவேண்டும் என்பது பாராசூட் படையின் நியதி.

விடுதலைக்குப் பின்னர் அதே ரங்கராஜ், லெப்டினன்ட் கர்னலாக, 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி 1950-ஆம் ஆண்டு நவம்பரில் கொரியா சென்றார். போரிடாமல் மருத்துவம் மட்டும் செய்வதற்காக இந்தியா அனுப்பிய பிரிவு அது. சென்ற சில நாட்களிலேயே ஐக்கிய நாடுகளின் படை பியோங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. மருந்தையும் கருவிகளையும் ஏற்றப் போதிய வண்டிகள் இல்லை. அவற்றை விட்டுச் செல்ல இப்பிரிவினருக்கு மனம் வரவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் ஊற்றி நிரப்பி, தாமே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்துவிட்டனர். 1951-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் முன்சான்-னி என்னுமிடத்தில் அமெரிக்கப் பாராசூட் படையினர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய சிறு மருத்துவக் குழுவினரும் உடன் குதித்து, இறங்கிய இடத்திலேயே அறுவை மருத்துவம் செய்தனர். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானத்தில் பெரியம்மை ஒழிப்புப் பணியை நடத்தியவரும் அவரே. கொரியாவில் அவருக்கு இன்றும் மதிப்பு உண்டு. தமிழ்ப் பாடநூல் ஒன்றில் அவர் பெயரை நாம் கண்டதில்லை.

அந்த ஆண்டாகிய 1951-இல்தான் யூகோஸ்லாவியாவின் பிளெட் நகரில் வான்குடைக் குதிப்பில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. மேனாடுகளில் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் கழகங்கள் அமைத்தனர். விலை மலிந்த பழைய படைக்குடைகளை வாங்கி ஞாயிறுதோறும் குதித்தனர். நம் நாட்டிலோ குடை படையின் கையிலேயே தங்கிவிட்டது. பயிற்சிப் பள்ளி ஆக்ராவில் இருந்தது. குடிமக்கள் குதிக்க விரும்பினாலும் அன்று அங்கேதான் செல்ல வேண்டியிருந்தது. 1979-ஆம் ஆண்டில் ரயில்வே ஊழியரான ரேச்சல் தாமஸ் அம்மையார் அங்கே குதித்து, இந்தியப் பெண்களுக்கு இவ்விளையாட்டின் வழியைத் திறந்தார். விமானப்படையின் ஆகாஷ் கங்கா என்னும் குதிப்புக் குழு 1987-இல் தோன்றியது.

பொழுதுபோக்காக இது பரவாமைக்கு அச்சமே காரணம் என்று பலர் எண்ணுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. காரணம் விமானமே. பதின்மூவாயிரம் அடி உயரத்தில் குதிப்பவன் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடமே விழுகிறான். பின்னர்க் குடை விரிந்து சில நிமிடங்களில் தரை சேர்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்காக விமானம் கால் மணி நேரம் எரிபொருள் எரித்து ஏற வேண்டும், ஓடுதளம் வேண்டும், வான்வெளிக்கு அனுமதி வேண்டும். புனேயின் லோகேகாவ் நிலையமோ விமானப்படைத் தளம். பயணிகள் விமானங்களே அங்கு இடம் பகிர்ந்துகொள்ளும்போது ஞாயிற்றுக்கிழமைக் குதிப்புக்காரருக்கு இடமேது? ஹடப்சரில் 1950 முதல் அரசின் கிளைடர் நிலையம் உண்டெனினும் அது வேறு கலை.

இந்நிலையில் புனே நகரப் பெண்ணான ஷீத்தல் மகாஜன் செய்தது வியப்புக்குரியது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், 21 வயதில், வடதுருவத்தில் ஹெலிகாப்டரிலிருந்து 2,400 அடி உயரத்தில் குதித்தார். அதுவே அவருடைய முதற்குதிப்பு! 2006-இல் தென்துருவத்திலும் குதித்தார். 2008-இல் புனேயில் 750 அடி உயரத்தில் பலூனிலேயே திருமணம் செய்துகொண்டார். ராம்சந்திர சட்டர்ஜி அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2018-இல் மராத்தியரின் ஒன்பது கஜப் புடவையுடன் குதித்தார். காற்றில் பிரியாதபடி அப்புடவையை உடலோடு இறுக்குவதே பெரும்பாடு. அக்குதிப்பு நிகழ்ந்தது தாய்லாந்தில். 2023-இல் எவரெஸ்ட் சிகரத்தின் முன்னே 21,500 அடியிலிருந்து குதித்தது நேபாளத்தில். புடவை புனேயினது, வானம் பிறருடையது.

விமானச் செலவு மேனாட்டாரையும் வருத்தியதுண்டு. 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சின் மியூஸி என்னும் மலையூரில் வான்குடைக் கழகத்தார் மூவர், தரையிறங்கும் பயிற்சிக்கு விமானக் கூலி கொடுத்துக் கட்டுப்படாமல், மலைச்சரிவில் குடையை விரித்துக்கொண்டு ஓடிப் பார்த்தனர். அதற்குள் குடையின் வடிவமும் மாறிவிட்டிருந்தது. 1960-களில் டொமினா ஜால்பர்ட் என்பவர் அமைத்த, அறைகளில் காற்று புகுந்து சிறகைப் போல் விறைத்து நிற்கும் நீள்சதுரக் குடை அது. ஓடியவர்கள் விழவில்லை, பறந்தனர். பாராகிளைடிங் அவ்வாறு பிறந்தது.

விமானம் வேண்டாம், குன்று போதும் என்றானபின் புனே பின்தங்க வேண்டியதில்லை. சஹ்யாத்ரிக் குன்றுகள் அருகிலேயே உள்ளன. லோனாவளா செல்லும் உள்ளூர் ரயில் நிற்கும் காம்ஷேத் இன்று இக்கலைக்கு நாடறிந்த இடம். மழைக்காலம் நீங்கிய அக்டோபர் முதல் மே வரை அங்கே பயிற்சி நடைபெறும். கணக்கெழுதுவோரும் கணிப்பொறிப் பணியாளரும் மாணவரும் முதுகில் மூட்டையுடன் குன்றேறுகின்றனர். அவர்களுள் பதவி வேறுபாடு காண்பதரிது. ஒருவர் ஓடும்போது மற்றவர் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். ஒருவரது வாரைப் பிறரொருவர் சரிபார்க்கிறார். பெரும்பொழுது காத்திருத்தலிலேயே கழியும். காற்று மிகுந்தாலும் பறத்தல் இல்லை, குறைந்தாலும் இல்லை. மாலையில் காற்று அடங்கியதும் ஒவ்வொருவரும் தத்தம் துணியைப் புல்லின்மேல் பரப்பி, கயிறுகளில் சிக்கல் இல்லையென்று பார்த்து, அறை அறையாக மடித்து மூட்டை கட்டுகின்றனர். குன்றடிவாரத்துத் தேநீர்க் கடையில் அன்றைய காற்றைப் பற்றிப் பேசி முடித்துப் புனேக்கு ரயிலேறுகின்றனர்.