பெயரில்லாக் காதலும் பெயருள்ள மணமும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயின்றார் நெஞ்சில் எழுவன இரண்டு. ஒன்று வல்வில் ஓரியின் வள்ளன்மை, மற்றொன்று கொல்லிப்பாவை. தெய்வம் ஆக்கியதாகச் சொல்லப்படும் அப்பாவையை அகநூற் புலவர்கள் தலைவியின் எழிலுக்கு உவமையாக்கினர். எனவே கொல்லி, காதலின் மலையாகவே நம் நினைவில் நிலைபெற்றது. ஆயினும், காதல் கருதாது தேவை கருதிச் செய்யப்பெற்ற மணங்களின் வரலாற்றையும் இம்மலையிலிருந்தே தொடங்கலாம்.

ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தவன் முள்ளூர் மன்னன் காரி என்பது அகநானூற்றின் 209ஆம் பாடலால் விளங்கும். மலைகள் இவ்வாறு கைமாறிய காலத்தில், நிலமிழந்த தலைவரின் மகளிர் நிலை யாது? இவ்வினாவிற்குப் பறம்புமலை விடை தருகிறது.

பாரி மாண்டபின், அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்று, விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் மணந்துகொள்ளுமாறு வேண்டினார். புறநானூற்றின் 200, 201, 202ஆம் பாடல்கள் இதற்குச் சான்று. அவர் எடுத்துரைப்பன பாரியின் கொடையும், தமக்கு அம்மகளிர்பால் உள்ள உரிமையும், இருங்கோவேளின் நாற்பத்தொன்பது தலைமுறைக் குடிப்பெருமையுமே. அம்மகளிரின் விருப்பம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே வேண்டப்பட்டது காதலன்று, புகலிடம். அதுவும் மறுக்கப்பட்டது.

முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டொன்று, கபிலர் பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துத் தாம் தீப்புகுந்தார் என்கிறது. கொல்லியை வென்று சேரர்க்கு அளித்த காரியும் மலையமான் குடியினனே என்பது ஈண்டு நினைத்தற்குரியது. ஒருவர் மலையைக் கைம்மாற்றிய குடியே, மலையிழந்த இன்னொருவர் மகளுக்குப் புகலாயிற்று. பிற்காலக் கதைகள் அம்மகளிர்க்கு அங்கவை, சங்கவை எனப் பெயரிட்டு, ஒளவையை முன்னிறுத்தித் திருமணத்தைப் பெருவிழாவாக்கின. வரலாற்றின் துயரைப் புனைவு மங்கலமாக்கிய விதம் இது.

அகப்பாடலில் ஒருவர் பெயரும் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஆகவே காதலர்க்குப் பெயரில்லை. பெயருடையார் மணம் புறத்திணையில் இடம்பெறுங்கால், அது பெரும்பாலும் குடி, நிலம், போர் இவற்றோடு பிணைந்தே வருகிறது. மகட்பாற்காஞ்சித் துறையும் இதனையே உணர்த்தும்.

இந்நூலிழை தற்காலப் புதினம் வரை நீள்கிறது. மேற்சொன்ன கல்வெட்டே இராசராசனின் தாய் வானவன்மாதேவியை மலையமான் குடியினள் என்கிறது. அவ்வுறவைக் கல்கி தம் பொன்னியின் செல்வனில் (1950-54) கதையின் அடித்தளங்களுள் ஒன்றாக்கினார். அதே புதினத்தில் நந்தினி, பழி முடிக்கும் பொருட்டு முதிய பெரிய பழுவேட்டரையரை மணக்கிறாள். சிவகாமியின் சபதத்திலோ மாமல்லன், சிவகாமியை விரும்பியும் அரசின் நலம் கருதிப் பாண்டியர் மகளை மணக்கிறான். படிப்போர் சிவகாமிக்காகக் கண்ணீர் சிந்துகின்றனர். அரசியலுக்காக மணம்செய்து கொடுக்கப்பட்ட பாண்டியர் மகளுக்காகச் சிந்துவோர் அரியர்.

பாரி மகளிர் பாடியதாகக் கிடைப்பது ஒரே பாடல். அதில் தந்தையும் குன்றமும் இழந்த துயர் உண்டு. மணம் பற்றிய பேச்சில்லை. அவர்கள் மணத்தைப் பற்றிப் பேசியவரெல்லாம் பிறரே. தேவைக்காக மணந்த பெண்ணின் குரலை அவள் வாய்மொழியாகவே கேட்பிக்கும் கடமை, இனி எழுதுவோரைச் சார்ந்தது.