வாத்துகளுக்கு எழுதிய உறுதி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு இது புதிதன்று. காணி ஒருவருடையது; ஆனால் அதனூடே செல்லும் வழியிலும் வாய்க்காலிலும் கிணற்றிலும் அயலவருக்குப் பங்குண்டு. காணி கைமாறினாலும் அந்தப் பாத்தியதை மாறுவதில்லை. ஏறத்தாழ இதே சட்டக் கருத்தைக் கொண்டுதான் ஐக்கிய அமெரிக்கா காட்டு வாத்துகளுக்கு ஒரு பங்கை எழுதிவைத்தது.

வட அமெரிக்காவின் நடுச் சமவெளியில், பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சிறு பள்ளங்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. இளவேனிலில் அவற்றில் நீர் நிறையும். கோடையில் பல வற்றிவிடும். அக்கண்டத்தின் வாத்துகளில் பெரும்பகுதி குஞ்சு பொரிப்பது இங்கேதான். உழவருக்கோ அவை கலப்பைக்கு இடையூறு. விவசாயத் திணைக்களமே 1940களில் அவற்றை வடிக்க மானியம் வழங்கியது. அயோவா மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மறைந்தன.

மறுபுறத்தில் 1934ஆம் ஆண்டிலேயே, வாத்து வேட்டையாடுவோர் ஒரு டொலர் முத்திரை வாங்கவேண்டும் என்ற சட்டம் வந்திருந்தது. முதல் முத்திரையை வரைந்தவர் ஜே. என். டார்லிங் என்ற பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். அப்பணம் சரணாலயங்களுக்காகச் செலவாயிற்று. ஆனால் சிதறிக் கிடந்த பள்ளங்களை எல்லாம் விலைக்கு வாங்குதல் இயலாத காரியம். எனவே 1958இல் சட்டம் திருத்தப்பட்டது. நிலம் உழவரிடமே இருக்கும்; பள்ளத்தை வடிக்கவும், நிரப்பவும், மட்டப்படுத்தவும், எரிக்கவும் உள்ள உரிமையை மட்டும் அரசு ஒருமுறை பணங்கொடுத்து வாங்கிக்கொள்ளும். இயற்கையாக வற்றிய காலத்தில் உழவர் அதை உழலாம். உடன்படிக்கையோ நிரந்தரமானது.

சிக்கல் அங்கேதான் எழுந்தது. தந்தை கையொப்பமிட்டுப் பெற்ற பணம் செலவாகிவிட்டது. கட்டுப்பாடு மகனுக்கு எஞ்சியது. வட டகோட்டாவின் ஆளுநர்கள் 1961 முதல் சுமார் 15 இலட்சம் ஏக்கருக்குச் சம்மதம் வழங்கியிருந்தனர். 1977இல் அம்மாநிலச் சட்டசபை மனம்மாறி, இத்தகைய உடன்படிக்கைகளின் காலத்தை 99 ஆண்டுகளாக வரையறுக்கவும் வேறு நிபந்தனைகளை விதிக்கவும் சட்டமியற்றியது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. ஒருமுறை கொடுத்த சம்மதத்தை மாநிலம் மீளப்பெற முடியாது என 1983இல் தீர்ப்பாயிற்று.

உழவரின் மனக்குறையைப் புறந்தள்ளிவிட முடியாது. பிறவாத தலைமுறையைக் கட்டுப்படுத்த இன்றைய கையொப்பத்துக்கு என்ன உரிமை என்பது நியாயமான கேள்வி. ஆனால் வடித்த பள்ளமும் அப்பிறவாத தலைமுறையின் சொத்தைத்தானே குறைக்கிறது? அதற்கு எவரும் அவர்களிடம் கையொப்பம் கேட்டதில்லை.