சடங்கு இல்லையெனினும் விழா வேண்டும்!

"மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்கிறீர்களே, ஒழிந்த பின் திருவிழா ஏது? மகிழ்ச்சி ஏது?" பகுத்தறிவு பேசும் நம்மை நோக்கி அடிக்கடி வீசப்படும் கேள்வி இது. வகுப்பறையிலே மாணவன் கேட்கிறான். திண்ணையிலே பெரியவர் கேட்கிறார். கேட்பது தவறன்று. ஆண்டெல்லாம் உழைத்து அலுத்தவனுக்கு ஆடிப் பாட ஒரு நாள் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்த நாள் என்றென்றும் அச்சத்தின் பிடியிலேதான் கிடக்க வேண்டுமா? விடை தேடி ஜப்பானிய வரலாற்றைப் புரட்டுவோம். கோடை வந்தால் ஊர்தோறும், தெருதோறும் விழா எடுக்கும் மக்கள் அவர்கள்.

கியோத்தோ, ஜப்பானின் பழைய தலைநகர். மலைகள் சூழ்ந்த பள்ளத்திலே அமைந்த நகர். அங்கே ஜூலைத் திங்கள் முழுவதும் நடைபெறுவது கியோன் விழா. 'கியோன்' என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? புத்தர் தங்கி அறம் உரைத்த ஜேதவனத்தைக் குறிக்கும் சொல் அது! அறிவைத் தேடச் சொன்னவர் உலவிய சோலையின் பெயர், கடல் கடந்து சென்று ஒரு கோயிலுக்கும் அதன் விழாவுக்கும் பெயராயிற்று.

அந்த விழா பிறந்த கதை கேண்மின். ஒன்பதாம் நூற்றாண்டு. கோடை வெப்பம், பெருமழை, கெட்டுப்போன நீர், இவற்றைத் தொடர்ந்து கொள்ளைநோய்! மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டனர். நோய்க்குக் காரணம் கிருமி என்று அறியாத காலம். எனவே, அரண்மனைச் சூழ்ச்சியால் அநியாயமாக மாண்டோரின் ஆவிகளே பழிவாங்குகின்றன என்று நம்பினர். 863-ஆம் ஆண்டு, அரண்மனைப் பூங்காவிலே அந்த ஆவிகளைச் சாந்தப்படுத்த அரசே சடங்கு நடத்தியது. 869-இல் மீண்டும் கொள்ளைநோய். நாட்டின் 66 மாநிலங்களுக்கும் 66 ஈட்டிகளை நாட்டி வேண்டினர் என்பது கியோன் விழாவின் தோற்றமாகச் சொல்லப்படும் செய்தி.

மடமைதான், ஐயமில்லை. ஈட்டியைக் கண்டு எந்தக் கிருமியும் ஓடாது. எனினும், அந்த மடமைக்குள்ளே ஓர் உண்மை ஒளிந்திருந்தது. அநீதி இழைத்தது அரண்மனை, அதன் விளைவைச் சுமப்பது நாடு என்பதை அந்நாளைய மக்கள் உணர்ந்திருந்தனர்.

காலம் உருண்டது. ஈட்டிகள் வளர்ந்து விண்ணை முட்டும் தேர்களாயின. தேரைச் செய்தவர் யார்? அரசரல்லர், பூசாரியுமல்லர். வணிகரும், நெசவாளரும், கைவினைஞரும்! ஒவ்வொரு தெருவும் தனக்கென ஒரு தேரை உருவாக்கிற்று. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் நகரைச் சுட்டுச் சாம்பலாக்கிற்று, தேரோட்டம் நின்றது. எரிந்த வீடுகளை மீண்டும் எழுப்பிய அந்த நகர மக்களே 1500-ஆம் ஆண்டில் தேரையும் மீண்டும் ஓட்டினர்.

1533-ஆம் ஆண்டு நடந்ததுதான் நம் நெஞ்சை அள்ளுவது. "இவ்வாண்டு கோயில் விழா கூடாது" என்று மேலிடத்து ஆணை பிறந்தது. தென் கியோத்தோவின் 66 தெருக்களின் சார்பாளர்கள் ஒன்றுகூடி முறையிட்டனர். என்னவென்று? தெய்வக் குற்றம் வரும் என்றா? பூசை தவறினால் ஊர் அழியும் என்றா? இல்லை, தோழர்களே! கோயில் சடங்கு நடவாமற் போயினும் போகட்டும், எங்கள் தேர்கள் ஊர்வலம் வர வேண்டும் என்றனர்! சடங்கு வேறு, விழா வேறு. சடங்கு கோயிலுக்கு உரியது, விழா மக்களுக்கு உரியது என்ற தெளிவு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அரும்பிவிட்டது.

1868-இல் புதிய அரசு புத்த சமயத்தையும் ஷிந்தோவையும் பிரிக்க ஆணையிட்டது. கியோன் கோயில் 'யாசாகா' ஆயிற்று. 'கோசு தென்னோ' என்ற பழைய தெய்வப் பெயர் விலக்கப்பட்டது. தெய்வத்தின் பெயரையே அரசாணை மாற்றிற்று! ஆனால் தேர்கள்? அவை தெருவிலிருந்து மறையவில்லை. மக்கள் கையிலன்றோ வடம் இருந்தது!

அந்தத் தேர்களின் அழகைச் சற்றுப் பாருங்கள். பெரிய தேரின் எடை ஏறத்தாழ 12 டன்; சட்டத்தை ஆணியின்றி வைக்கோற் கயிற்றால் பிணைக்கின்றனர். திருப்பத்திலே மூங்கிற் பிளாச்சுகளைப் பரப்பி, நீர் தெளித்து, அதன்மேல் சக்கரத்தை வழுக்கித் திருப்புகின்றனர். அணி செய்யும் திரைகளோ 16-ஆம் நூற்றாண்டுப் பெல்ஜிய நாட்டு நெசவு. கம்பளங்களோ பாரசீகம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. ஒரு தேரிலே திராய் நகர மன்னன் பிரியாம் காட்சி தருகிறான்! அயலான் கலை என்று அவர்கள் ஒதுக்கவில்லை. அழகு எங்கிருந்து வந்தாலும் ஏற்றனர். 1826-இல் மழையிலே சிதைந்து நின்றுபோன 'தாகா' தேர், 196 ஆண்டுகளுக்குப் பின் 2022-இல் மீண்டும் ஊர்வலம் வந்தது.

அதற்கு முந்திய இரண்டாண்டுகளிலே நடந்ததையும் மறவாதீர். 2020-இலும் 2021-இலும் கொரோனாத் தொற்றுக்காகத் தேரோட்டத்தை நிறுத்தினர். நோயை விரட்டவென்று தோன்றிய ஊர்வலத்தை, நோய் பரவலாகாது என்று நிறுத்தினர்! 869-க்கும் 2020-க்கும் இடையே மனித அறிவு நடந்த தொலைவு அது.

நகரத்துக்கு மட்டும் உரியதன்று இக்கதை. இறந்தோரை நினைக்கும் 'போன்' நாட்களிலே சிற்றூர் மக்கள் வட்டமாக நின்று ஆடுவர். 1870-களிலே, நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்று பல மாவட்டங்கள் இந்த ஆட்டத்தைத் தடை செய்தன. தடை மறைந்தது, ஆட்டம் வாழ்கிறது. குஜோ என்னும் ஊரிலே, போர்வீரன், உழவன், தொழிலாளி, வணிகன் என்ற நால்வகை வேற்றுமையை மறந்து மக்கள் ஒன்றுபடவே இந்த ஆட்டம் ஊக்குவிக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. ஆகஸ்டு 13 முதல் 16 வரை நான்கு இரவுகள் விடிய விடிய ஆடுகிறார்கள். வந்தவர் யாராயினும் வட்டத்திலே இடமுண்டு!

குறையே இல்லையா? உண்டு, அதை மறைப்பது வரலாறாகாது. கியோன் தேர்களிலே பெண்கள் ஏறலாகாது என்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அந்தந்தத் தேருக்கு உரியோரே முடிவு செய்யலாம் என்று 2001-இல் விடப்பட்டது. சில தேர்களிலே பெண்கள் ஏறிவிட்டனர், கதவு முழுதும் திறந்தபாடில்லை. ஹக்காத்தா நகரத்துக் கோடை விழாவிலே, தீட்டுடையோர் நுழையலாகாது என்னும் பலகை 2003 வரை நின்றது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அகன்றது. பலகை போனதால் விழா போயிற்றா? இல்லை, தேர் இன்றும் ஓடுகிறது!

இனி, நம்மைக் கேட்போருக்கு நாம் விடை கூறலாம். அச்சம் போனால் விழா போகாது. தீட்டு போனால் விழா தேயாது. வடம் பிடிக்கும் கை பெருகும். ஆடும் வட்டம் அகலும். சடங்கு இல்லையெனினும் விழா வேண்டும் என்றனர் 66 தெருவினர். எவரையும் விலக்காத விழா வேண்டும் என்று நாம் அதனோடு சேர்த்துச் சொல்வோம்.