வழியில் மடக்கப்பட்டோர்

ஒருவர் பொருள் செலவிட்டு வரவழைத்த ஆளை வாயிலருகே மற்றொருவர் மடக்கித் தம் பக்கம் அழைத்துக்கொள்வது புதியதொரு தந்திரமன்று. இக்காலத்தில் அது கூகிள் போன்ற தேடுபொறிகளின் விளம்பரப் பகுதியில் நடைபெறுகிறது. நூறாண்டுகட்கு மேலாகிறது, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அது நடந்து. அன்று மடக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் முதலில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி விலை வீழ்ந்து ரப்பர் தழைத்தபோது லிங்கி, லாபு, ரந்தாவ் பகுதிகளில் ஆள் பற்றாக்குறை பெரும் கவலையாயிற்று. துரைமார்கள் தம் கங்காணியைக் கையில் பணத்துடன் ஊருக்கு அனுப்பினர். அவனே அக்காலத்து விளம்பரம். அச்சடித்த தாளை நம்பாத குடியானவனும், கடல் கடந்து போய் நல்லுடையோடு திரும்பிய உறவினனை நம்பினான். கப்பற்கூலி, வழிச்செலவு, முன்பணம் எல்லாம் தோட்டத்தின் கணக்கிலிருந்து போயின.

ஆள் வந்து இறங்கியபின்தான் தொல்லை தொடங்கும். ஊருக்கு ஆளனுப்பாத பக்கத்துத் தோட்டம், நாட்கூலியில் சில காசு கூட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பும். தன் கீழுள்ளோர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்ற கங்காணியே சில வேளைகளில் கூட்டத்தோடு பெயர்ந்துவிடுவான். செலவு ஒருவருக்கு, உழைப்பு மற்றொருவருக்கு. இதைத் துரைமார்கள் திருட்டென்றே கூறினர். உழைத்தவன் கண்ணோட்டத்தில் அது அத்துணைத் தீமையன்று. கூலி உயர அவனுக்கு வேறு வழி ஏது?

இச்சிக்கலுக்கு 1907ஆம் ஆண்டில் கண்ட தீர்வு கூர்மையானது. தமிழர் குடிநுழைவு நிதி என்றொரு நிதி சட்டத்தால் நிறுவப்பட்டது. தமிழரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் உழைத்த நாட்கணக்கின்படி அந்நிதிக்கு வரி செலுத்தவேண்டும். ஊருக்கு ஆளனுப்பியவரா, பக்கத்துத் தோட்டத்தில் ஆள் பிடித்தவரா என்ற வேறுபாடு அதில் இல்லை. திரண்ட பணத்திலிருந்து கப்பற்கட்டணமும் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களின் செலவும் கொடுக்கப்பட்டன. மெய்யாகவே ஆள் வரவழைத்த தோட்டத்திற்குப் படியும் வழங்கப்பட்டது. மடக்கியவனும் வரவழைத்த செலவில் பங்கு கொள்ளவேண்டியதாயிற்று. வந்தவனும் கடனின்றிக் கரையேறினான்.

ஆயினும் விதி இருக்குமிடத்தில் வளைவும் உண்டு. கங்காணி உரிமச்சீட்டுப் பெறவேண்டும். தன் ஊரில், தன்னை அறிந்தவர்களிடையே மட்டும் ஆள் சேர்க்கவேண்டும். ஊர் அதிகாரி சான்று தரவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று தரகு இருந்தமையால் சீட்டுகள் கைமாறின. தொழில்முறைத் தரகர்கள் எங்கெங்கோ திரட்டிய ஆட்கள், முகாமில் கங்காணியின் ஊராராகவும் உறவினராகவும் காட்டப்பட்டனர். 1917இல் மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் சென்னை அரசுக்காக இலங்கை, மலாயா தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தனர். 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வையே நிறுத்தியபோது கங்காணி ஆட்சேர்ப்பும் முடிந்தது. எஞ்சிய நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி, 1999இல் கலைக்கப்பட்டது.

அத்தோட்டங்களை விட்டுச் சிரம்பானிலும் நீலாயிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேலையையும் வரனையும் கைப்பேசியில் தேடுகின்றனர். தேடுசொற்களை ஏலம்விட்டு, ஒருவர் விளம்பரத்தைத் தொட்டால்தான் கட்டணம் என்னும் முறையை 1998இல் கோட்டூ என்ற அமெரிக்க நிறுவனம் வழக்கத்திற்குக் கொண்டுவந்தது. கூகிள் தன் விளம்பரப் பணியை 2000இல் தொடங்கிப் பின்னர் இம்முறையைத் தழுவிற்று. இங்கும் தலைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. அந்த ஏலத்தில் போட்டியாளரின் பெயரையே தேடுசொல்லாகக் கேட்டு வாங்கலாம். அப்பெயரைத் தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவது இவருடைய கடை.

நம்மவர்க்கு நெருங்கிய வழக்கொன்று சென்னையில் நடந்தது. பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி முதலிய திருமணத் தளங்களை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகிள்மீதும் ஷாதி.காம் முதலிய போட்டித் தளங்களின் நிறுவனங்கள்மீதும் 2009இல் வழக்குத் தொடுத்தது. பிறர் வணிகப் பெயரை விளம்பர வாசகத்தில் எழுதுவதை, உரிமையாளர் முறையிட்டால், கூகிள் தடுக்கும்; தேடுசொல்லாகக் கேட்பதைத் தடுப்பதில்லை. வாசகத்திலும் ஒரு வழி இருந்தது. ‘தமிழ்மேட்ரிமோனி’ என்று சேர்த்தெழுதினால் நிறுவனத்தின் பெயர். நடுவே சிறிது இடம் விட்டால் தமிழர் திருமணம் என்னும் பொதுச்சொல். விதிக்கும் மீறலுக்கும் இடையே இருந்தது ஒரு வெற்றிடமே! சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் 2010 செப்டம்பர் 30இல் தீர்ப்பளித்தார். அச்சொற்கள் பொருளை விளக்கும் பொதுச்சொற்கள் என்ற நிலையில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. தமிழ் என்ற சொல்லையும் திருமணம் என்ற சொல்லையும் ஒரு நிறுவனம் வேலியிட்டு அடைக்கவியலாது என்பதில் நியாயம் உண்டு. ஆயினும் அப்பெயரை ஊரறியச் செய்ய ஒருவர் செலவிட்டார் என்பதும் மெய்யே.

1907இன் ஏற்பாட்டிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பணம் போகும் திசையில் இருக்கிறது. அன்று மடக்கியவன் கட்டிய வரி, அடுத்த கப்பலில் ஆள் வருவதற்குப் பயன்பட்டது. இன்றும் மடக்குகிறவர் பணம் கட்டத்தான் செய்கிறார். அது வாயில்காப்போன் கைக்குப் போகிறது, பெயரை வளர்த்தவருக்கு ஒரு காசும் வருவதில்லை. போட்டி மிகுந்தால் ஏல விலையும் ஏறும். எனவே வளைப்பவரைத் தடுப்பதில் வாயில்காப்போனுக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்பது ஐயத்திற்குரியது.

அகர்வால் பேக்கர்ஸ் என்னும் சுமைப்பெயர்ப்பு நிறுவனத்தின் பெயரைப் பற்றிய வழக்கில் 2023 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் இவ்விடத்தைத் தொட்டது. பிறர் பெயரைத் தேடுசொல்லாக வைப்பது ஒன்றே உரிமை மீறலாகாது. தேடுவோர் மயங்கும்படி இருந்தால் மீறலாகும். விளம்பரத்தில் தீவிரப் பங்கு கொள்ளும் கூகிள், தான் வெறும் இடைத்தரகன் என்று அப்போது ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று ஈரவை நீதிபதிகள் கூறினர். பெயர்பெற்ற நிறுவனங்கள் பல, தம் பெயரை மற்றவர் பிடித்துக்கொள்ளாதபடி, அதே ஏலத்தில் தாமே விலைகேட்டு வாங்கிவருகின்றன.